லால்பாக்கின் காலை நேரம்: களைத்த மனத்துக்கு எவ்வளவு உதவுகிறது?

பெங்களூரில் மன அழுத்தத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி விற்பனைக்கு வரும் சேவைகளுக்குக் குறைவே இல்லை. தியானம் கற்றுத்தரும் கைப்பேசிச் செயலிகள், மாதச் சந்தா கட்ட வேண்டிய யோகா வகுப்புகள், எண்ணெய் தேய்த்துவிடும் ஆயுர்வேத நிலையங்கள், நகருக்கு வெளியே வார இறுதி விடுதிகள் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை. ஆயினும், வெளிவட்டச் சாலையின் நெரிசலிலும் சில்க் போர்டு சந்திப்பிலும் நாளின் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டு, மூச்சுவிட நேரமில்லாமல் வாழும் தமிழ் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது நான் முதலில் பரிந்துரைப்பது, கர்நாடகத் தோட்டக்கலைத் துறை நடத்தும் லால்பாக் தாவரவியல் பூங்காவைத்தான். அதைச் சுற்றுலா இடமாகப் பார்த்து எழுதியவர்கள் பலர். அன்றாட மன அழுத்தத்தைத் தணிக்கும் ஒரு பொதுச் சேவையாக எடுத்துக்கொண்டால் அது எந்த அளவுக்குத் தேறும் என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் பார்க்க விரும்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான நேரத்தில், சரியான பகுதியில், அவசரமின்றிப் பயன்படுத்தினால், பணம் கட்டிப் பெறும் பெரும்பாலான சேவைகளைவிட லால்பாக் சிறந்தது. ஆனால், அதையும் இன்னொரு உடற்பயிற்சிக் கூடமாக்கி, இத்தனை சுற்று, இத்தனை அடி என்று கணக்குப் போட்டு ஓடுபவர்களுக்கு, உடலுக்கு நன்மை கிடைத்தாலும் மனத்துக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைக்காமல் போகிறது. பூங்கா நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. அந்தக் குறைவான அளவுக்கு நம்மைக் குறைத்துக்கொள்வதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது.

1760-ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கிய இந்தத் தோட்டத்தை அவருடைய மகன் திப்பு சுல்தான் விரிவாக்கினார். அயல்நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து நட்டார். 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்கா என்ற தகுதியைப் பெற்ற இத்தோட்டம், இன்று சுமார் 240 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி ஈடுபாடு தோன்றக் காரணம் ஒன்று உண்டு. தமிழ் நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களாகச் சொல்லப்படும் திகளர் சமூகத்தினர், பெங்களூரின் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஊறியவர்கள். தர்மராய சுவாமி கோயிலின் கரகத் திருவிழாவைச் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடத்துபவர்களும் அவர்களே. இந்த நகரத்தின் பசுமையில் அவர்களுடைய உழைப்பு கலந்திருக்கிறது என்ற நினைவோடு இங்கே நடப்பது எனக்கு எப்போதும் நிறைவைத் தருகிறது.

பூங்காவின் வயதை இங்கே குறிப்பிடுவது வரலாற்றுப் பெருமைக்காக மட்டுமல்ல. புதிய குடியிருப்புகளில் அமைக்கப்படும் பூங்காக்களில் புல்வெளியும் குரோட்டன் செடிகளும் நடைபாதையும் விரைவில் வந்துவிடுகின்றன. ஆனால், நான்கைந்து பேர் கைகோத்து நின்றாலும் அணைக்க முடியாத அடிமரமும், தலைக்கு மேல் பல அடுக்குகளாக விரியும் கிளைகளும், அந்தக் கிளைகளுக்குள் கூடு கட்டும் பறவைகளும் வர நூறு ஆண்டுகளாவது ஆகும். லால்பாக்கின் பெரிய இலவ மரத்தின் முன்னால் நின்று பார்த்தால் இது விளங்கும். சுமார் இருநூறு வயது மதிக்கப்படும் அந்த மரத்தின் பலகை வேர்கள், ஆள் உயரத்துக்கு எழும்பி, சுவர்கள் போலப் பரந்து நிற்கின்றன. அங்கே போனதும் கண் தானாக அடிமரத்திலிருந்து உச்சிக்கு ஏறுகிறது. நாள் முழுதும் ஓரடித் தொலைவிலிருக்கும் திரையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கும் குனிந்தே இருந்த கழுத்துக்கும் அதுவே ஒரு விடுதலை.

மரத்தைப் பார்ப்பதனால் மனம் ஆறுமா என்று கேட்பவர்களுக்கு, 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கற்சுவர் மட்டுமே தெரியும் அறையில் இருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வலுவான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான் என்றாலும், பசுமையும் உடல்நலமும் பற்றிப் பின்னால் நடந்த எத்தனையோ ஆய்வுகளுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது.

லால்பாக்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு எனக்கு வழிகாட்டியது வேறோர் ஆய்வு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரிகரோல் ஹன்டரும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்டது அது. நகரவாசிகள் 36 பேரை, எட்டு வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று முறையாவது, குறைந்தது பத்து நிமிடம் இயற்கைச் சூழலில் இருக்கச் சொன்னார்கள். போகும் முன்னும் வந்த பின்னும் உமிழ்நீரை எடுத்து, அதில் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீரின் அளவைச் சோதித்தார்கள். இருபது முதல் முப்பது நிமிடம் வரை இருந்தபோது, செலவிட்ட நேரத்துக்குக் கிடைத்த பலன் மிக அதிகமாக இருந்தது. அதற்கு மேலும் பலன் தொடர்ந்தாலும் அதன் வேகம் குறைந்தது. இடத்தையும் நேரத்தையும் அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்ட ஆய்வாளர்கள், கடுமையான உடற்பயிற்சி கூடாது, கைப்பேசி கூடாது, பேச்சு கூடாது, படிப்பதும் கூடாது என்று சில நிபந்தனைகளையும் வைத்திருந்தார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் லால்பாக்குக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், காலை ஏழு மணிக்கு இங்கே வந்து பார்த்தால், காதில் கருவியைச் செருகிக்கொண்டு அலுவலகச் செய்திகளைப் பேசியபடி விரைந்து நடப்பவர்களைப் பாதைதோறும் காணலாம். அவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துவைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு என்பதை நான் அறிவேன். ஆனால், அவர்களுடைய கால்கள் பூங்காவில் இருந்தாலும் மனம் இன்னும் அலுவலகக் கூட்டத்தில்தான் இருக்கிறது. எனவே, கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது, அது முடியாவிட்டால் அணைத்துப் பைக்குள் போட்டுக்கொள்வது ஆகியவற்றை இந்தச் சேவையைப் பெறுவதற்கான முதல் நிபந்தனையாகவே கொள்ளலாம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவரை நான் இங்கே அடிக்கடி சந்திப்பதுண்டு. அரை மணி நேரம் நடந்துவிட்டு, அதன்பின் அதே அளவு நேரம் ஏரிக்கரையில் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருடைய வழக்கம். “நடக்கிறது உடம்புக்கு, தம்பி, உட்கார்றது எனக்கு” என்று ஒரு முறை சொன்னார். அவர் எந்த ஆய்வையும் படித்து இந்த வழக்கத்தைத் தொடங்கியவரல்லர்.

எந்த வாசலில் நுழைவது என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், அனுபவத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2017-இல் தெற்கு நோக்கி நீட்டிக்கப்பட்ட பச்சை வழித்தடத்தில் லால்பாக் மெட்ரோ நிலையம் அமைந்த பிறகு, மேற்கு வாசல் எளிதில் அடையக்கூடியதாகிவிட்டது. வண்டி ஓட்டி, நிறுத்த இடம் தேடி, அந்த எரிச்சலோடு உள்ளே நுழைவதைவிட, மெட்ரோவில் வந்து இறங்கிச் சில நிமிடம் நடந்து நுழைவதே இந்த நோக்கத்துக்குப் பொருத்தமானது. அங்கிருந்து ஏரிப் பக்கம் செல்லும் பாதையை நான் விரும்புகிறேன். கண்ணாடி மாளிகையைச் சுற்றியுள்ள பகுதி அழகானது. 1889-இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்ட, லண்டன் கிரிஸ்டல் பேலஸை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த அந்தக் கட்டடத்தைப் புதிதாக வருபவர்கள் பார்க்காமல் போகக் கூடாது. ஆனால், கூட்டமும் புகைப்படம் எடுப்பவர்களும் அங்கேதான் சேர்கிறார்கள் என்பதால், அமைதி தேடி வருபவர்கள் அதைக் கடந்து போய்விடுவது நல்லது.

ஏரிக்கரைதான் இந்தப் பூங்காவின் உயிர்நாடி என்பது என் கருத்து. நீர்க்காகங்கள் மூழ்கி எழுந்து, கரையோரக் கிளைகளில் சிறகை விரித்து உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் போவதே தெரியாது. கொக்குகளும் நாமக்கோழிகளும் சில காலங்களில் கூழைக்கடாக்களும் தென்படுகின்றன. மேலே பருந்துகள் வட்டமிடுகின்றன. மரங்களுக்குள்ளிருந்து குக்குறுவானின் விடாத குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இத்தகைய காட்சிகள் நம் கவனத்தை ஈர்க்கின்றன, ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் இணையர் 1989-இல் விளக்கிய கோட்பாடு ஒன்றின் சாரமும் இதுதான்: கணக்குப் பார்ப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு நாம் வலிந்து செலுத்தும் கவனம் தேய்ந்து களைத்துப்போகிறது, அலையும் இலையும் மேகமும் போன்றவற்றில் கவனம் தானாகப் படியும்போது, அந்தக் களைத்த பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஓய்வு என்று எண்ணிக் கைப்பேசியில் குறுங்காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவருக்கு ஏன் ஓய்வு கிடைப்பதில்லை என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தக் காட்சிகள் கவனத்தை இழுத்துப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஏரிக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை.

கரையோர இருக்கையில் அமர்ந்திருக்கும்போது மூச்சை நிதானப்படுத்துவது மிக எளிதாகக் கைகூடுகிறது. நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவு வந்துவிடும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு; வெளிமூச்சை நீட்டும்போது அந்தத் தணிவும் நீள்கிறது. இதற்கு ஆசிரியரோ செயலியோ வேண்டியதில்லை. பூங்காவின் புல்வெளிகளில் சிலர் வேகமாக வயிற்றை உள்ளிழுத்துச் செய்யும் கபாலபாதி போன்ற பயிற்சிகளைக் கண்டு அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்; உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

பூங்காவுக்குள், டபுள் ரோடு பக்கம் இருக்கும் பாறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய தீபகற்ப நைஸ் வகைப் பாறை அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன் மேல் நிற்கும் சிறு கோபுரம், நகரின் எல்லைகளைக் குறிக்க, பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடரின் வழியினர் எழுப்பிய நான்கு கோபுரங்களில் ஒன்று. எல்லையாக இருந்த அந்த இடம் இன்று நகரத்தின் நடுவில் இருக்கிறது. உடற்பயிற்சியில் விருப்பமில்லாதவர்களையும் முழங்கால் வலியால் நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களையும், சரிவு மென்மையாக இருக்கும் பகுதி வரை மெதுவாக ஏறிச் சூரிய உதயத்தின்போது அங்கே அமர்ந்திருக்குமாறு நான் சொல்வதுண்டு. அடுத்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றிய பதற்றத்தோடு அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வேலை மறைந்துபோவதில்லை. ஆனால், அதன் அளவு அதற்குரிய அளவுக்குச் சுருங்குகிறது. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும் என்பதையும், நிழலே இல்லாததால் காலை பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காலை நேரத்தையே நான் வற்புறுத்துவதற்கு ஒளியும் ஒரு காரணம். அலுவலக அறைகளில் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் இருக்கும்; மேகமூட்டமான நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி கிடைக்கிறது. விழித்தெழுந்த பின் கண்ணில் படும் அந்த இயற்கை ஒளி, நம் உடலுக்குள் இருக்கும் நாள் கடிகாரத்தைச் சரிசெய்து, இரவில் உரிய நேரத்தில் தூக்கம் வர உதவுகிறது. அமெரிக்க நேரத்துக்கு ஏற்ப நள்ளிரவு வரை விழித்திருப்பவர்கள் மிகுந்த இந்த நகரத்தில், தூக்கம் கெட்டுப்போனதே பலருடைய மன அழுத்தத்துக்கு வேராக இருக்கிறது. அவர்கள் காலையில் எப்போது எழுந்தாலும், எழுந்தவுடன் அரை மணி நேரம் வெட்டவெளியில் இருப்பது நல்லது. பூங்கா காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஏழு மணிக்கு மூடப்படுகிறது; காலை ஒன்பது மணி வரை நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, அதன்பின் சிறு தொகை உண்டு. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் வாசலில் உள்ள பலகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்டின் எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும் என்பது லால்பாக்குக்கு மட்டுமன்றி பெங்களூருக்கே உரிய சிறப்பு. ஜெர்மனியில் பிறந்து, லண்டனின் கியூ தோட்டத்தில் பணியாற்றி, பரோடா வழியாக 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த கிரும்பீகல் என்ற தோட்டக்கலை வல்லுநர், ஒன்று ஓயும்போது இன்னொன்று பூக்கும் வகையில் சாலை மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். ஆண்டின் முதல் மாதங்களில் இளஞ்சிவப்புத் தபெபூயா, அதையடுத்து ஊதா நிற ஜகரண்டா, கோடையில் மஞ்சள் சரிந்து கிடக்கும் பெருங்கொன்றையும் செந்நிறக் குல்மோகரும் என்று வரிசை தொடரும். ஒரே மரத்தைத் தேர்ந்துகொண்டு, அது தளிர்ப்பதையும் பூப்பதையும் உதிர்வதையும் மாதந்தோறும் கவனித்து வரும்படி என் நண்பர்களிடம் சொல்கிறேன். அப்படிச் செய்தவர்கள் பலரும், நாள்களெல்லாம் ஒன்றுபோலவே கழிகின்றன என்ற அலுப்பு ஓரளவு தணிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தனிமையை விரும்பாதவர்களுக்கும் இங்கே இடமுண்டு. வட்டமாக நின்று உரக்கச் சிரிக்கும் குழுக்களைக் காலையில் பார்க்கலாம். 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கிய சிரிப்பு மன்றத்தின் வழியில் வந்த பழக்கம் அது. முதல் பார்வைக்குச் செயற்கையாகத் தோன்றினாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் பேச ஆளின்றி இருக்கும் முதியவர்களுக்கு அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிய துணை என்பதைக் கண்ணால் காணலாம். அல்சூரிலிருந்தும் ஜெயநகரிலிருந்தும் வரும் தமிழர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பதையும் கேட்கலாம். பேச்சும் நல்ல மருந்துதான். அமைதியாக இருக்கும் பகுதியை முதலில் முடித்துக்கொண்டு பேச்சுக்கு வந்தால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாலை ஏழு மணிக்கு மூடிவிடுவதால், எட்டு மணிக்கு மேல் வேலை முடிப்பவர்களுக்கு வார நாள் மாலைகளில் இது பயன்படாது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இரு முறை நடக்கும் மலர்க் கண்காட்சிகளின்போது பெருங்கூட்டம் திரளும். மலர் அலங்காரங்களைக் காண வருபவர்களுக்கு அது திருவிழா, ஆனால் மன அமைதியை நாடுபவர்கள் அந்த நாள்களில் வேறு இடம் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளும் நெரிசலானவையே. சுற்றுச்சுவரை ஒட்டிய பாதைகளில் வாகன இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், நடுப்பகுதிக்கு வந்துவிடுவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் திடீரென்று வீசும் கோடைமழைக் காற்றில் பெங்களூரின் முதிர்ந்த மரங்களின் கிளைகள் முறிவது வழக்கம். மேகம் கறுத்தால் மரத்தடியில் ஒதுங்காமல் வெளியேறிவிட வேண்டும். மூட்டு வலி உள்ள பெரியவர்களை அழைத்துவந்தால், உள்ளே ஓடும் மின்கல வண்டிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பூங்காக்களின் வாசலுக்கு வெளியே காலையில் விற்கப்படும் சுரைக்காய், பாகற்காய், அறுகம்புல் சாறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன இறுக்கம் முதல் நீரிழிவு வரை எல்லாம் தீரும் என்ற வாய்மொழியை நம்பி வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் பலர். கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப் பொருள் மிகுந்திருக்கும். அந்தச் சாற்றைக் குடித்துக் கடும் வாந்திக்கும் இரத்தப்போக்குக்கும் ஆளானவர்கள் உண்டு, உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, சுரைக்காயை முதலில் சிறிது சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் சாற்றைக் குடிக்கவே கூடாது, வேறு சாறுகளோடு கலக்கவும் கூடாது என்று அறிவுறுத்தியது. பாகற்காயோடு கலந்து கொடுத்தால் எந்தக் கசப்பு எதிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மனம் ஆறுவதற்கு இந்தச் சாறு எதுவும் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. பசித்தால், 1924-இல் தொடங்கி இன்றும் பூங்காவை அடுத்து இயங்கிவரும் மாவள்ளி டிஃபன் ரூம்ஸுக்குப் போய், இரண்டாம் உலகப் போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டின்போது அங்கே உருவான ரவை இட்லியைச் சாப்பிடலாம். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், அவசரமுள்ள நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள். பூங்காவில் பெற்ற நிதானத்தை அந்த வரிசையில் இழக்க வேண்டாம்.

இந்தச் சேவை எதற்குப் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணிச்சுமை, நெரிசல், வீட்டுச் சச்சரவு போன்றவற்றால் வரும் அன்றாட அழுத்தத்துக்கு மரமும் ஒளியும் நிதானமான மூச்சும் நன்றாகவே உதவுகின்றன. ஆனால், வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, காரணமற்ற அழுகை, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அதை நடைப்பயிற்சியால் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஒசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ், மனநல மருத்துவத்தில் நாட்டின் முன்னணி நிறுவனம். லால்பாக்கிலிருந்து அதிகத் தொலைவு இல்லை. நேரில் போகத் தயங்குபவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் அந்த இலவசச் சேவையில் தமிழிலும் பேச முடியும். கன்னடம் சரளமாக வராத, ஊரை விட்டு வந்து தனியாக வாழும் நம் பிள்ளைகளுக்கு, மனத்தில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணை இன்றே உங்கள் கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

ஜெயநகர், பசவனகுடி, வில்சன் கார்டன் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு நாள்தோறும் லால்பாக் வருவது எளிது. ஒயிட்ஃபீல்டு போன்ற தொலைவான பகுதிகளில் இருப்பவர்கள் என்ன செய்வது? இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் தகவல்களைக் கொண்டு மேத்யூ ஒயிட்டும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகத் தெரிவித்தனர். அந்த 120 நிமிடத்தை ஒரே முறையில் செலவிட்டாலும், பல முறையாகப் பிரித்துக்கொண்டாலும் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, தினமும் வர முடியவில்லையே என்று வருந்தாமல், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊதா வழித்தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக் நிலையத்தில் இறங்கலாம். மாறி ஏறுவதே சுமையாகத் தோன்றினால், அதே ஊதா வழித்தடத்தில் கப்பன் பூங்கா நிலையம் இருக்கிறது. 1870-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவிலும் முதிர்ந்த மரங்களுக்குக் குறைவில்லை. லால்பாக்கில் உள்ளது போன்ற ஏரிக்கரையும் பெரும்பாறையும் அங்கே இல்லை என்பதால் என் மதிப்பீட்டில் அது லால்பாக்குக்கு ஒரு படி கீழேதான். ஆனாலும் வீட்டிலிருந்து நேராகப் போய்வரக்கூடிய பூங்கா, இரண்டு வண்டி மாறிப் போக வேண்டிய பூங்காவைவிட அதிகமாகப் பயன்படும் என்பதால், ஒயிட்ஃபீல்டு நண்பர்களுக்கு நான் முதலில் கப்பன் பூங்காவையும், விடுமுறையும் நல்ல வானிலையும் சேர்ந்து வாய்க்கும் நாள்களுக்கு லால்பாக்கையும் பரிந்துரைக்கிறேன்.